இணையத்தில் வாங்குவதா, ஊர்க்கடையில் வாங்குவதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரஷ் கட்டர் (புல், புதர் வெட்டுவது), பவர் வீடர் (களையெடுப்பது), செயின்சா (மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்) போன்ற இயந்திரக் கருவிகளை இணையத்தில் வாங்குவது பற்றிக் கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பில் புல் வெட்டுவதற்கு பிரஷ் கட்டர் வாங்க நினைக்கிறேன். பொள்ளாச்சி டீலர் ஒருவர், பெயர்பெற்ற நிறுவனத்தின் 35 சிசி கருவிக்கு 24,000 ரூபாய் சொல்கிறார். இணையத்தில் '63 சிசி, 5 எச்பி' என்று போட்ட கருவி 8,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளூர் வியாபாரியை ஆதரிக்க வேண்டும் என்கிறாள் மகள். பதினைந்தாயிரம் மிச்சம் என்கிறான் மகன். யார் பேச்சைக் கேட்பது?
– தென்னை விவசாயி, ஆனைமலை

பதில்: இரண்டு பேருமே ஒப்பிட முடியாத இரண்டு பொருள்களை வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். முதலில் அந்த 63 சிசி, 5 எச்பி என்ற எண்களை எடுத்துக்கொள்வோம். இந்த விலையில் வரும் டூ ஸ்ட்ரோக் கருவிகளில், அதாவது பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் கருவிகளில், பரவலாக இருப்பது 44 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரும் 34 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட என்ஜின். பள்ளிக்கூடத்தில் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் 51.7 கன சென்டிமீட்டர் வரும். அதைத்தான் 52 சிசி என்று விற்கிறார்கள். அதே என்ஜினின் மூடியில் 62 என்றும் 63 என்றும் ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்களும் உண்டு. எச்பி கணக்கு இதைவிட மோசம். ஒரு எச்பி 0.746 கிலோவாட்; ஆகவே 5 எச்பி என்றால் 3.7 கிலோவாட். ஜெர்மனியின் ஸ்டீல் (STIHL) என்ற கருவி நிறுவனம், நாள் முழுதும் புதர் அழிப்பவர்களுக்காகச் செய்யும் எஃப்எஸ் 560 என்ற பெரிய கருவியே 57 சிசியில் 2.8 கிலோவாட்தான் தருகிறது. எட்டரை ஆயிரம் ரூபாய்க் கருவி அதை முந்திக்கொண்டு போகிறது என்று விளம்பரம் சொன்னால், கிலோவாட் எவ்வளவு என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் உங்கள் மகனைப் போலத்தான் கணக்குப் போட்டேன். பெட்டி வந்தது. தண்டு இரண்டு துண்டாக, கைப்பிடி தனியாக, நட்டு போல்ட் ஒரு பிளாஸ்டிக் பையில், பெட்ரோலும் ஆயிலும் கலப்பதற்குக் கோடு போட்ட குப்பி ஒன்று. தமிழில் ஒரு வரி கூட இல்லை. பூட்டி ஓட்டியதில் இரண்டு நாள் நன்றாகவே வெட்டியது. மூன்றாம் நாள் பிளேடுக்கு மேலே இருக்கும் கியர் ஹெட் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அன்று மாலை சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஊர் மெக்கானிக் அதைக் கழற்றித் தரையில் தட்டினார். கிரீஸ் வைத்த அடையாளமே உள்ளே இல்லை. பிறகு தண்டின் நுனியை விரலால் தடவி எண்ணிவிட்டு, "ஏனுங்க, இது ஒம்பது பல்லு. நம்மகிட்ட ஏழு பல்லுதானுங்க இருக்குது" என்றார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இந்தக் கருவிகளில் தண்டின் பல் எண்ணிக்கையும் குழாயின் விட்டமும் கருவிக்குக் கருவி மாறும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கோயம்புத்தூரிலிருந்து சரியான கியர் ஹெட் வருவதற்குப் பதினோரு நாள் ஆனது. ஐப்பசி மழையில் புல் எந்த வேகத்தில் வளரும் என்று தோப்பு வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்கு ஆள் விட்டு வெட்டியதில் மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி போயிற்று.

ஆகவே மகளின் 'ஆதரவு' என்ற சொல்லையும் கொஞ்சம் திருத்த வேண்டும். டீலர் உங்களிடம் தர்மம் கேட்கவில்லை; தாம் செய்யும் வேலைக்குக் காசு கேட்கிறார். அந்த வேலையை அவர் செய்கிறாரா என்பதுதான் கேள்வி. கருவியை அவரே பூட்டி, கியர் ஹெட்டில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் பிளேடு நிற்கும்படி ஐடில் ஸ்க்ரூவைச் சரிசெய்து, தோளில் மாட்டும் வாரை உங்கள் உயரத்துக்கு இழுத்துக் கட்டி, பத்து நிமிடம் உங்களையே வெட்டவைத்துப் பார்த்துவிட்டுத் தர வேண்டும். டூ ஸ்ட்ரோக் கருவி என்றால், கையேட்டில் 40க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 25 மில்லி, 50க்கு 1 என்று இருந்தால் 20 மில்லி டூ டி ஆயில் என்பதை அளந்து கலந்தே காட்ட வேண்டும். கார்புரேட்டர், கிளட்ச், இழுகயிறு ஸ்டார்ட்டர் ஆகிய மூன்றும் கடையில் இப்போது இருப்பில் உள்ளனவா என்று கேளுங்கள். 'வரவழைத்துத் தருகிறேன்' என்பது வேறு, அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவது வேறு. பெட்டியை அப்படியே தூக்கி வண்டியில் வைத்துவிட்டு 24,000 வாங்கிக்கொள்ளும் டீலருக்கும் இணையக் கடைக்கும் எந்த வேறுபாடும் இல்லை. அப்படிப்பட்டவரிடம் கூடுதல் விலை கொடுப்பதற்கு ஊர்ப்பற்று ஒரு காரணமே ஆகாது.

என் முடிவைக் கேட்டால், நான்கு ஏக்கர் தோப்புப் புல்லுக்கு டீலர் காட்டும் 35 சிசி கருவி போதும். அது ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் இல்லை. அதே நிறுவனத்தின் அதே மாடல் இணையத்தில் என்ன விலை என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்த அளவில் வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரண்டாயிரத்தில் முடிந்துவிடும். அந்த விலையை டீலரிடம் கூச்சமின்றிக் காட்டி, ஈடாக இரண்டு இலவச சர்வீஸும் ஒரு உபரி பிளேடும் கேளுங்கள். கொடுப்பார்.

கேள்வி: இணையத்தில் 7 எச்பி பெட்ரோல் பவர் வீடர் வாங்கினேன். வந்த அன்றே பெட்ரோல் ஊற்றி ஓட்டினேன். அரை மணி நேரத்தில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. என்ஜின் ஆயில் ஊற்றாமல் ஓட்டியது என் தவறு என்று சொல்லி, விற்றவர் பணம் தர மறுக்கிறார். அவர் இருப்பது டெல்லியில். அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?
– வாழை விவசாயி, திருவையாறு

பதில்: உங்களுடையதைப் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்களைப் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். வழியில் கவிழ்ந்தால் ஆயில் கார்புரேட்டருக்கும் ஏர் ஃபில்டருக்கும் ஏறிவிடும் என்பது காரணம். ஊர்க்கடையில் வாங்கியிருந்தால், கடைப் பையன் வாசலிலேயே ஆயிலை ஊற்றி, அளவுக் குச்சியைத் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றியிருப்பான். அப்படி ஒரு வேலை நடந்தது என்பதே உங்கள் நினைவில் நின்றிராது. இணையத்தில் வாங்கும்போது அந்த வேலை யாரும் சொல்லாமலே உங்கள் தலையில் வந்து விழுகிறது.

வழக்குக்கு டெல்லி போக வேண்டியதில்லை. 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்ய வழி செய்திருக்கிறது; உங்களுக்குத் தஞ்சாவூர் போதும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். விவசாய வேலைக்கு வாங்கியதால் 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆனால் சுயதொழில் மூலம் தன் வாழ்வாதாரத்துக்காக வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று அதே சட்டம் விளக்குகிறது. வழக்குப் போடும் முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் வாங்கிய இணையதளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் உள்ள கடமை.

வழக்கு நிற்குமா என்று கேட்டால், ஒரு விஷயத்தைப் பொறுத்தது. ஆயில் ஊற்றாமல் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை அட்டை என்ஜினில் தொங்கியிருந்தாலோ கையேட்டில் தெளிவாக இருந்தாலோ உங்கள் பக்கம் பலவீனம்தான். வெறும் வாதத்துக்காகச் செலவு செய்ய வேண்டாம். பெட்டியில் அப்படி எதுவுமே இல்லை என்றால், தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்காமல் விற்றார் என்று வலுவாகவே கேட்கலாம். பெட்டியையும் உள்ளே இருந்த ஒவ்வொரு காகிதத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். என்ஜினை உள்ளூரில் பிரிப்பதாக இருந்தால் அதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். இனி வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், உடைசல் ஏதும் இருந்தால் பெட்ரோல் ஊற்றும் முன்பே திருப்பி அனுப்புங்கள். ஒருமுறை பெட்ரோல் ஊற்றிய கருவியைக் கூரியர்காரர் அனேகமாகத் தொட மாட்டார்.

கேள்வி: தச்சு வேலை செய்கிறேன். கையில் பிடிக்கும் சிறிய பேட்டரி செயின்சா இணையத்தில் '88 விஎஃப்', '198 விஎஃப்' என்றெல்லாம் போட்டு மிக மலிவாக வருகிறது. கடையில் 18 வோல்ட் கருவிக்கே பல மடங்கு விலை. வோல்ட் அதிகமுள்ளதுதானே நல்லது?
– தச்சர், செங்கோட்டை

பதில்: 'விஎஃப்' என்பது எந்த அளவும் அல்ல, வோல்ட் என்று படிக்கவைப்பதற்காகப் போட்ட எழுத்துகள். அந்தப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் விரல் பருமனில் ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 4.2 வோல்ட். ஐந்துக்கும் சேர்த்து 18 வோல்ட், உச்சத்தில் 21 வோல்ட். கடைக்காரர் 18 என்று எழுதியிருப்பதும் இணையத்தில் 198 என்று எழுதியிருப்பதும் மின்னழுத்தத்தில் ஒன்றேதான். வேறுபாடு செல்லின் தரத்திலும், அதிகமாகச் சூடேறினால் தானாக நிறுத்தும் சுற்றிலும், பிரேக்கிலும் இருக்கிறது. விரலுக்குப் பக்கத்தில் சங்கிலி ஓடும் கருவி என்பதால், இதில் மட்டும் மலிவைத் தேட வேண்டாம் என்பேன்.

கேள்வி: இணையத்தில் 38,000 ரூபாய்க்கு வாங்கிய பவர் வீடருக்கு ஜிஎஸ்டி பில் இருக்கிறது. அதைக் காட்டி அரசு மானியம் பெற முடியுமா?
– மஞ்சள் விவசாயி, சத்தியமங்கலம்

பதில்: முடியாது. இதே கேள்வியை வேறு சிலரும், வாங்கி முடித்த பிறகே கேட்டிருக்கிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக பவர் டில்லர், பவர் வீடர் போன்றவற்றுக்கு மானியம் கிடைக்கிறது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு விலையில் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஆனால் முதலில் விண்ணப்பம், பிறகு துறையின் ஒப்புதல், அதன் பிறகுதான் கொள்முதல் என்பது முறை. அதுவும் உரிய பரிசோதனையில் தேறி, துறையின் பட்டியலில் இடம்பெற்ற நிறுவனத்தின் மாடலாக இருக்க வேண்டும். உழவன் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றோடு உங்கள் உபகோட்டத்தின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேருங்கள். டீலரிடம் 60,000 ரூபாய் விலையுள்ள பட்டியல் மாடலுக்கு உச்சவரம்புக்குள் பாதி மானியம் கிடைத்தால் உங்கள் கையிலிருந்து போவது 30,000. இணையத்தில் 'மலிவாக' வாங்கியதைவிடக் குறைவு. முன்னுரிமை வரிசையில் காத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான், சில சமயம் ஒரு சாகுபடிப் பட்டமே கடந்துவிடும். அந்த இடைக்காலத்துக்குத் துறையின் இயந்திரங்களையே வாடகைக்கு எடுக்க முடியும். இன்னொன்று, பவர் வீடர் உள்ளிட்ட உழவு, சாகுபடி இயந்திரங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய வரியோடு விலை சொல்பவர் ஊர்க்கடைக்காரராக இருந்தாலும் இணையக் கடைக்காரராக இருந்தாலும் விடாதீர்கள்.

கேள்வி: செயின்சாவுக்குச் சங்கிலி மட்டும் இணையத்தில் வாங்கலாமா?
– மர வியாபாரி, புதுக்கோட்டை

பதில்: தாராளமாக வாங்கலாம். பழைய சங்கிலியின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), கேஜ் (டிரைவ் லிங்கின் தடிமன்), சங்கிலியைத் தாங்கும் இரும்புப் பட்டையின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்குகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொருந்தினால் போதும். முதல் இரண்டும் பெரும்பாலும் பட்டையின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும், மூன்றாவதை விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகச் சிறு இயந்திரக் கருவிகள் விற்றும் பழுதுபார்த்தும் வருகிறேன். கடைக்கு வந்து ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டு, ஓட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த மாதம் இணையத்தில் வாங்கிய கருவியைப் பழுதுக்காக என்னிடமே கொண்டுவருகிறார்கள். சில மாடல்கள் எனக்குக் கம்பெனி தரும் விலையைவிடக் குறைவாக இணையத்தில் விற்கின்றன. இணையத்தில் வாங்கியவர்களுக்குப் பழுது பார்ப்பதில்லை என்று பலகை வைக்கலாமா?
– கருவி விற்பனையாளர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. நான் சொன்ன அந்தப் பிரஷ் கட்டரைத் தூக்கிக்கொண்டு போன அன்று அந்த மெக்கானிக்கின் முகத்தில் அதைப் பார்த்தேன். அவர் கடையிலும் அதே அளவுக் கருவி விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அவர் மறுக்கவில்லை, நீங்களும் அந்தப் பலகையை வைக்காதீர்கள். கருவி விற்பதில் கிடைக்கும் லாபம் ஒருமுறைதான்; பழுதுபார்க்கும் கூலி அந்தக் கருவி ஓடும் வரை வரும். பழுது நீங்கிப் போகிறவர் அடுத்த கருவியை எங்கே வாங்குவார் என்பதற்கு நானே சாட்சி.

உங்கள் கொள்முதல் விலைக்கும் கீழே விற்பது பற்றி: வெளிநாட்டு முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் விற்பனை விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதிக்கக் கூடாது என்ற விதி 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதியைக் காட்டி நீங்கள் ஒருவர் தனியாகப் போராட முடியாது. அது சங்கம் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் செய்யக்கூடியது, அந்த இணைய விற்பனையாளர் அங்கீகாரம் பெற்றவர்தானா என்று உங்கள் கம்பெனியின் பகுதி மேலாளரிடம் வரிசை எண்ணோடு எழுத்தில் கேட்பது. அங்கீகாரம் இல்லாதவரிடம் வாங்கினால் வாரண்டியே கிடைக்காமல் போகலாம் என்பது வாடிக்கையாளருக்கும் தெரிய வேண்டிய செய்தி. அதைக் குறை சொல்லும் தொனியில்லாமல் சொல்லலாம்.

பலகை வைப்பதென்றால் கூலிப் பட்டியலை வையுங்கள். கார்புரேட்டர் சுத்தம் செய்ய இவ்வளவு, கிளட்ச் மாற்ற இவ்வளவு, புதுக் கருவியைப் பூட்டி ஓட்டிக் காட்ட இவ்வளவு என்று எழுதி, நம் கடையில் வாங்கியவர்களுக்கு முதல் ஆண்டு இவற்றில் எவையெல்லாம் இலவசம் என்று கீழே ஒரு வரி சேருங்கள். நீங்கள் இதுவரை பேச்சில் இலவசமாகக் கொடுத்துவந்ததன் விலை அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு தொகை வாங்கி, வாங்கினால் பில்லில் கழித்துக்கொள்ளலாம். இந்த ஒன்றில் மட்டும் வயதான விவசாயிகளிடம் கறாராக இருக்க வேண்டாம். இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைக் கோடை முழுதும் டேங்கிலேயே விட்டுவைத்து, மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வருபவர்கள் இனி அதிகமாவார்கள். அவர்கள் எங்கே வாங்கியவர்களாக இருந்தாலும் கார்புரேட்டர் வேலை உங்களுக்குத்தான். அப்படியே அலமாரியில் ஏழு பல்லுக் கியர் ஹெட்டோடு ஒன்பது பல்லிலும் இரண்டு வாங்கி வையுங்கள்.